சண்முகவடிவின் வாட்ச்

குற்றாலிங்கம் எந்தப் பொருளைக் கையில் வாங்கினாலும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். முப்பது வருஷம் அனல்மின் நிலையத்தில் மீட்டர் பார்த்த பழக்கம் அப்படி. கொதிகலனில் மாட்டியிருக்கிற மீட்டரைக் கழற்றிச் சோதித்து, முள் சரியாக நிற்கிறதா என்று பார்த்து மறுபடி மாட்டுவது அவர் வேலை. ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு வாங்கினார். இத்தனை காலம் நெருப்புப் பக்கத்தில் நின்றாச்சு, இனி தண்ணீருக்குள் என்னதான் இருக்கிறதென்று பார்ப்போமே என்று முக்குளிக்கக் கிளம்பிவிட்டார்.

மனைவி சண்முகவடிவும் கூடவே வந்து சேர்ந்துகொண்டாள். தனியாக விட்டால் இந்த மனுஷன் போகிற மீனை நிறுத்திச் சந்தேகம் கேட்டுக்கொண்டு அங்கேயே இருந்துவிடுவார் என்று அவளுக்குப் பயம்.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரையில் ஓர் ஓட்டுக் கொட்டகை. பின்னால் சிலிண்டருக்குக் காற்று அடிக்கிற மிஷின், முன்னால் உப்பு பூத்த நாலு பிளாஸ்டிக் நாற்காலி. பள்ளிக்கூடம் அவ்வளவுதான். சொல்லிக்கொடுத்தவர் ஜெசிந்தா. வயது முப்பத்து நாலுதான் இருக்கும், பேச்சு குறைவு. குற்றாலிங்கம் அவரை வாய் நிறைய டீச்சர் என்பார். டீச்சர் அவரை அண்ணாச்சி என்பார்.

முதல் நாளே டீச்சர் ஆளுக்கொரு டைவ் கம்ப்யூட்டரைக் கொடுத்தார். பார்வைக்குக் கைக்கடிகாரம்தான். அங்கே எல்லோரும் வாட்ச் என்றே சொல்வார்கள். இப்போது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம், அந்த ஆழத்தில் இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கலாம் என்று காட்டும். அதைத் தாண்டி இருந்துவிட்டு மேலே வந்தால், ஆழத்தில் மூச்சுக் காற்றிலிருந்து உடம்பில் ஊறின நைட்ரஜன் உள்ளுக்குள்ளேயே குமிழியாகிவிடும். மூட்டில் தங்கினால் வலி. தண்டுவடத்தில் தங்கினால் எழுந்து நடக்கிறது சந்தேகம்.

குற்றாலிங்கம் வாட்சைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

“டீச்சர், என் உடம்புல எவ்வளவு ஊறியிருக்குன்னு இதுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது.”

“பின்னே?”

“ஆழம் தெரியும். நேரம் தெரியும். மத்ததெல்லாம் கணக்கு.”

“யாரு உடம்பை வச்சுப் போட்ட கணக்கு?”

“ஊர் பேர் தெரியாத ஒரு ஆளு. நல்லா தூங்குனவரு, வேளாவேளைக்குத் தண்ணி குடிச்சவரு, தொப்பை இல்லாதவரு.”

சண்முகவடிவு சிரித்துவிட்டாள். குற்றாலிங்கம் அன்றைக்கு முழுக்க வயிற்றை எக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அதோடு விடுவாரா. நைட்ரஜன் எப்படி ஊறும் என்று அடுத்த கேள்வி. மதியச் சாப்பாட்டின்போது டீச்சர் தம் டப்பாவிலிருந்து ஒரு மாங்காய்க் கீற்றையும் ஒரு முழு வடுமாங்காயையும் எடுத்து அவர் தட்டில் வைத்தார். ரெண்டும் ஒரே நாளில் உப்பில் போட்டது, கடித்துப் பாருங்கள் என்றார். கீற்றில் உப்பு முழுக்க இறங்கியிருந்தது. வடு வெளியே கரித்தது, உள்ளே இன்னும் பச்சை மாங்காயாகவே இருந்தது.

“ரெண்டும் உங்களுக்குள்ள இருக்கு, அண்ணாச்சி,” என்றார் டீச்சர்.

ரத்தம் கீற்று, மூட்டு வடு என்று குற்றாலிங்கம் தாமாகவே கண்டுபிடித்தார். ஏறத் தாமதமானது இறங்கவும் தாமதமாகத்தானே செய்யும் என்றும் கண்டுபிடித்தார். அந்தச் சந்தோஷத்தில் ரசத்துக்குச் சோறு வாங்க மறந்துவிட்டார்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரில் குதிக்கும் முன் டீச்சர் ஒவ்வொருவரிடமும் வந்து, அவர் கையில் இருக்கிற வாட்சைத் தம் உள்ளங்கையால் மூடுவார். “எத்தனை நிமிஷம்?” என்பார். போகிற ஆழம் தெரியும். ஏற்கெனவே எத்தனை தடவை, எவ்வளவு நேரம் இறங்கினோம் என்பதும் தெரியும். எந்த ஆழத்தில் எத்தனை நிமிஷம் என்கிற அட்டவணையும் படித்தாச்சு. மனசுக்குள் கூட்டிக் கழித்து ஓர் எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு கையை எடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். வாட்ச் என்ன சொன்னது என்று கேட்கவே மாட்டார்.

குற்றாலிங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. மீட்டர் இருக்கிற இடத்தில் குத்துமதிப்பு எதற்கு? ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார், மீட்டரை நம்பணுமா வேண்டாமா என்று. அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அதையும் சொன்னார்.

அனல்மின் நிலையத்தில் அவரோடு வேலை பார்த்தவர் வேலாயுதம். ஒருநாள் குழாயில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, உள்ளே அழுத்தமே இல்லை, முள்தான் சிக்கிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி வால்வைத் திறந்துவிட்டார். முள் சிக்கவில்லை. நீராவி அடித்து இடது கன்னமும் காதும் வெந்துபோய், நாலு மாசம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த மீட்டரைச் சோதித்து மாட்டினவர் குற்றாலிங்கம்.

“நான் மாட்டுன மீட்டரை அவரு நம்பலை, டீச்சர்,” என்றார்.

டீச்சர் பதில் தெரியும்போது சொல்கிறேன் என்று மட்டும் சொன்னார். தெரியாது என்று ஒத்துக்கொள்கிற டீச்சரைக் குற்றாலிங்கம் அதுவரை பார்த்ததில்லை.

மாசி மாதம். கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி கிடந்தது. கரையிலிருந்து ஒன்றரை மணி நேரம் படகில் போய், கடலடிப் பாறைத்திட்டு ஒன்றின் மேல் நங்கூரம் போட்டார்கள். கடல் அத்தனை அமைதியாக இருந்தும் சண்முகவடிவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வாந்தி எடுத்து ஓய்ந்து, கையில் வாட்சோடு படகிலேயே படுத்துவிட்டாள். டீச்சருடன் வேலை பார்க்கும் இன்னொரு பயிற்சியாளர் ஆல்வின் அவளுக்குத் துணையாக மேலே இருந்தார். டீச்சரும் குற்றாலிங்கமும் இறங்கினார்கள். இருபத்திரண்டு மீட்டர், முப்பத்தாறு நிமிஷம்.

திரும்பி வருகிற நேரத்தில்தான் குற்றாலிங்கம் அதைப் பார்த்தார். பாறை இடுக்குக்குள் ஒரு களவா மீன். வால் மட்டும்தான் தெரிந்தது, அந்த வாலே முறம் அகலம். வாலே இப்படியென்றால் மூஞ்சி எப்படி இருக்கும்? குனிந்து பார்ப்பதற்குள் டீச்சர் கட்டைவிரலை உயர்த்தி மேலே போகலாம் என்று காட்டிவிட்டார். படகில் தேங்காய் பன் தின்னும்போதும் குற்றாலிங்கத்துக்கு அந்த மூஞ்சி ஞாபகம்தான்.

ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது முறை. இந்தத் தடவை டீச்சர் சண்முகவடிவைப் பார்த்துக்கொள்வதாகவும், குற்றாலிங்கம் ஆல்வினோடு இறங்குவதாகவும் ஏற்பாடு. உடை மாட்டிக்கொண்டு வாட்சைப் பார்த்தால் பேட்டரி அடையாளம் விட்டுவிட்டு மின்னியது. மின்னினால் இறங்கக் கூடாது, படகில் உட்கார வேண்டும். அது அங்கே சட்டம்.

குற்றாலிங்கம் மனைவியின் கையைப் பார்த்தார். அதே வாட்ச், அதே கம்பெனி, பேட்டரி முழுசாக இருக்கிறது. ஒரு மீட்டர் பழுதானால் கழற்றிவிட்டு, சோதித்து வைத்த இன்னொன்றை மாட்ட வேண்டியதுதானே. முப்பது வருஷம் அதைத்தானே செய்தார். மறைக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. சொன்னால் டீச்சர் உட்காரவைத்துவிடுவார் என்பது மட்டும் மனசின் ஒரு மூலையில் இருந்தது. உன் வாட்சைத் தா என்று கேட்டார். சண்முகவடிவு கண்ணைத் திறக்காமலே எடுத்துக்கிடுங்க என்றாள்.

டீச்சர் வந்தார். உள்ளங்கையால் வாட்சை மூடினார்.

“எத்தனை நிமிஷம்?”

காலையில் இறங்கினது, இடையில் ஒரு மணி நேரம், இப்போது போகிற இருபது மீட்டர். எல்லாம் போட்டுப் பார்த்தார்.

“இருபது.”

டீச்சர் கையை எடுத்துவிட்டு ஆல்வின் பக்கம் போனார். குற்றாலிங்கம் வாட்சைப் பார்த்தார். இருபது மீட்டருக்கு நாற்பத்திரண்டு என்றிருந்தது. அடேயப்பா, நம்மைவிட இதற்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று அவருக்கு மீட்டர்மேல் மரியாதை இன்னும் கூடிவிட்டது.

கீழே களவா கொஞ்சம் காக்கவைத்தது. பிறகு மெதுவாக வெளியே வந்து நின்றது. மனு கொடுக்க வந்தவரைக் கண்டுகொள்ளாத தாலுகா ஆபீஸ் குமாஸ்தா மாதிரி, எங்கேயோ பார்த்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடியது. உதட்டோரம் ஒரு பழைய தூண்டில் முள் துருப்பிடித்துத் தொங்கியது. இவ்வளவு நாள் அதை மாட்டிக்கொண்டு எப்படித் தின்கிறது? முள் தானாக விழுமா, விழாதா? குற்றாலிங்கத்துக்குக் கேட்க ஆயிரம் இருந்தது, வாயில்தான் குழாய் இருந்தது.

இருபது நிமிஷம் ஆனபோது மனசுக்குள் ஒரு நெருடல், நாம் இருபதுதானே சொன்னோம் என்று. சந்தேகம் வந்தால் இன்னொரு மீட்டரோடு ஒத்துப் பார்க்க வேண்டும், அதுவும் முப்பது வருஷப் பழக்கம். நீந்திப் போய் ஆல்வினின் கையைத் திருப்பிப் பார்த்தார். அவருடையதும் அதே எண்ணைத்தான் காட்டியது, ஒரு நிமிஷம்கூட வித்தியாசமில்லை. ஆல்வினும் இவர் வாட்சைப் பார்த்துவிட்டு விரல்களை வளையமாக்கிச் சரி என்று காட்டினார். அதற்கப்புறம் குற்றாலிங்கத்துக்கு ஒரு கவலையும் இல்லை.

நாற்பத்தோராவது நிமிஷம் கிளம்பி, ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் முறைப்படி நின்று, மேலே வந்தார்கள். டீச்சர் படகின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். ரொம்ப நேரம் அப்படியே நின்றார் என்று சண்முகவடிவு பிற்பாடு சொன்னாள்.

கால் மணி நேரம் போயிருக்கும். குற்றாலிங்கம் வலது முழங்கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். சிலிண்டர் தூக்கினதில் பிடித்துக்கொண்டது என்று அவரே சொல்லிக்கொண்டார். அவர் தண்ணீர் பாட்டிலை இடது கையால் எடுத்ததைச் சண்முகவடிவு பார்த்துவிட்டாள். இருபத்தெட்டு வருஷத்தில் இந்த மனுஷன் இடது கையால் தண்ணீர் குடித்து அவள் கண்டதில்லை. வாந்தி மயக்கமெல்லாம் பறந்துபோய் எழுந்து உட்கார்ந்து டீச்சரைக் கூப்பிட்டாள்.

“என்ன செய்யுது, அண்ணாச்சி?”

“ஒண்ணுமில்லை, டீச்சர். வாட்ச்ல எல்லாம் சரியாத்தான் காட்டுது.”

“கை என்ன காட்டுது?”

குற்றாலிங்கம் விரல்களை மடக்கிப் பார்த்தார். சுண்டுவிரல் மரத்துப்போயிருந்தது.

டீச்சர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அவரைப் படுக்கவைத்து ஆக்சிஜன் முகமூடியை மாட்டினார். நங்கூரத்தை எடுக்கச் சொன்னார். கரையில் வண்டி தயாராக நிற்கட்டும் என்று போனில் சொன்னார். எல்லாம் முடிந்த பிறகுதான் குற்றாலிங்கத்தின் கையிலிருந்த வாட்சின் பொத்தானை அழுத்தி, பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் மாறியது.

“காலையில எங்க இருந்தீங்க?”

குற்றாலிங்கம் முகமூடியை விலக்கினார். “உங்க கூடத்தானே இருந்தேன். கடலுக்குள்ள.”

“இது இல்லைங்குது. காலை முழுக்கப் படகுலயே இருந்தீங்களாம்.”

குற்றாலிங்கம் சண்முகவடிவைப் பார்த்தார். அவள் மணிக்கட்டில் வாட்ச் கட்டியிருந்த இடம் வெறுமையாக இருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கொதிகலன் மீட்டர் அந்த நிமிஷத்து அழுத்தத்தை மட்டும் காட்டும். எந்த மீட்டரைக் கொண்டுவந்து மாட்டினாலும் ஒன்றேதான். இது அப்படிப்பட்டதில்லை. காலையிலிருந்து கட்டியிருந்த கையின் கதையை அது கூடவே வைத்திருந்தது. காலை முழுக்க வெயிலில் படுத்துக் கிடந்த சண்முகவடிவுக்குத்தான் அது நாற்பத்திரண்டு நிமிஷம் கொடுத்தது. ஆல்வினும் காலையில் படகில்தான் இருந்தார், அதனால்தான் ரெண்டும் ஒத்துப்போயின. ஒரு வாட்சும் பொய் சொல்லவில்லை. மீட்டர் பார்த்தே தலை நரைத்தவருக்கு இது தெரியாமல் போனதே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. முகமூடியை மறுபடி இழுத்து மாட்டிக்கொண்டார், அதற்கு மேலே கண் கலங்கிவிட்டது.

கரை வரும்வரை சண்முகவடிவு அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகக் கிள்ளி, தெரியுதா, தெரியுதா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். சுண்டுவிரலுக்கு வரும்போதெல்லாம் அவர் தலையை இல்லை என்று ஆட்டினார். இந்த முழங்கையோடு நின்றுவிடுமா, முதுகுக்கும் காலுக்கும் போகுமா என்று யாருக்கும் தெரியாது. எடுத்துக்கிடுங்க என்று சொன்ன வாயை அவள் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள்.

நாலு மணி நேரப் பயணத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அழுத்த அறை இருந்தது. ஆளைப் படுக்கவைத்து மூடுகிற இரும்பு உருளை, பக்கத்தில் வட்டக் கண்ணாடி. உள்ளே அழுத்தத்தை ஏற்றிக் குமிழியைக் கரைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார்கள். ஆயுசு முழுக்க வெளியே நின்று கொதிகலனைப் பார்த்தவர் இப்போது அப்படி ஒன்றுக்குள்ளேயே படுத்திருந்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தால் வெளியே ஒரு நர்ஸ் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அடிக்கடி முள்ளை விட்டுவிட்டு இவர் முகத்தையும் பார்த்தாள். ஏன் பார்க்கிறாள் என்று ஐந்து மணி நேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

வலி அன்றைக்கே போய்விட்டது. சுண்டுவிரல் மூன்றாம் நாள்தான் திரும்பி வந்தது. சண்முகவடிவு கிள்ளினாள், அவர் ஆ என்றார். அவள் விரலை விட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள்.

டீச்சர் பார்க்க வந்தார். கட்டிலருகே நின்றபடியே பேசினார்.

“என் உள்ளங்கை அந்த வாட்ச் மேலதான் இருந்துச்சு. யாரு வாட்ச்னு நான் பாக்கலை. நீங்க இருபதுன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு. இருபது தாண்டியும் சும்மா நின்னேன். வாட்ச் கூடக் காட்டியிருக்கும்னு நானும் நினைச்சுக்கிட்டேன், அண்ணாச்சி.”

குற்றாலிங்கம், உட்காருங்க டீச்சர் என்று மட்டும் சொன்னார்.

ரெண்டு மாதத்துக்குமேல் ஆயிற்று. டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து, ஆழம் போகாமல் இறங்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். சண்முகவடிவு முதலில் ஒரே பிடியாக மாட்டேன் என்றாள். களவா வாயில் தொங்கின தூண்டில் முள் என்ன ஆயிற்று என்று தெரியாமல் அவர் தூங்கமாட்டார் என்பது தெரிந்து, நானும் படகில் வருவேன், நீங்கள் மேலே வரும்வரை அங்கிருந்து அசையமாட்டேன் என்ற ஒப்பந்தத்தில் கிளம்பினாள்.

அன்றைக்குப் படகில் குற்றாலிங்கம் தம் பழைய கேள்வியை எடுத்தார். இந்தத் தடவை அது கொஞ்சம் நீண்டிருந்தது.

“வேலாயுதம் மீட்டரை நம்பாம வெந்தாரு. நான் நம்பி இப்படி ஆனேன். அப்போ எதைத்தான் செய்யணும்? பதில் தெரியும்போது சொல்லுதேன்னீங்களே, டீச்சர்.”

டீச்சர் பையிலிருந்து ஒரு வாட்சை எடுத்து நீட்டினார். குற்றாலிங்கத்தின் சொந்த வாட்ச்தான். புது பேட்டரி போட்டிருந்தது. அவர் வழக்கம்போலப் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு முன்பக்கம் திருப்பிப் பொத்தானை அழுத்தினார். பதிவு ஒன்றுமே இல்லை. பதினாறு தடவை இறங்கியிருக்கிறார், ஒன்றுகூட இல்லை. இன்னும் கடலையே பார்க்காத ஓர் ஆளுடைய வாட்ச் மாதிரி பளிச்சென்று இருந்தது.

“எல்லாம் அழிஞ்சுபோச்சா?”

“இந்த வாட்ச்ல பேட்டரி மாத்துனா அழிஞ்சுரும்.”

குற்றாலிங்கம் தமக்கே தெரியாமல் வலது முழங்கையை ஒருமுறை மடக்கி நீட்டினார்.

டீச்சர் அதைப் பார்த்தார். வாட்சை வாங்கி, அவர் மணிக்கட்டில் தாமே இறுக்கிக் கட்டினார். பட்டையை ஒருதடவை இழுத்துப் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் மூடினார்.

“எத்தனை நிமிஷம்?”

குற்றாலிங்கத்தின் கண் பழக்கத்தில் கீழே போனது. அங்கே டீச்சரின் கைதான் இருந்தது. படகு மெல்ல ஆடியது. சண்முகவடிவு பின்னால் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“அதுல என்ன காட்டுதுன்னு ஒரே ஒரு தடவை பாத்துக்கிடட்டுமா, டீச்சர்?”

டீச்சர் கையை எடுக்கவில்லை.

“பெறவு பாக்கலாம். அதுக்கு நடந்தது ஒண்ணும் தெரியாது, அண்ணாச்சி. தெரிஞ்ச ஆளைத்தான் நான் கேக்கேன்.”